பக்கவாத நோயில் ஆக்சிஜனேற்ற நெருக்கடி: இரத்தம் காட்டும் அடையாளங்கள்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக்களில் பேசுவோர் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அதனைப் பேசத் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இம்மேடையில் உள்ளனர். நம் செயலாளர் அவர்கள் என்னிடம், "உங்கள் துறையிலிருந்து ஒரு பொருளை எடுத்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டும், பெற்றோருக்கும் பயன்பட வேண்டும்" என்று பணித்தார். மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்தவன் நான். நோயாளிக்கு மருந்து எழுதும் மருத்துவன் அல்லன். நோயாளியின் இரத்தத்தையும் சிறுநீரையும் ஆய்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முயல்பவன். ஆகவே, பக்கவாதம் கண்டவர்களின் இரத்தத்தில் தென்படும் சில அடையாளப் பொருள்களைப் பற்றியும், அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைப் பற்றியும் இன்று பேச விழைகிறேன்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1983ஆம் ஆண்டு நான் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விடியற்காலையில், இரவெல்லாம் வயலுக்கு நீர் பாய்ச்சிவிட்டுத் திரும்பிய என் தகப்பனார், அம்மா கொடுத்த சொம்பை வலக்கையால் பிடிக்க இயலாமல் நழுவவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சுக் குழறியது. "காற்றுப் பட்டுவிட்டது" என்றார்கள். மந்திரிப்பவரை அழைத்தார்கள். புறா இரத்தத்தைக் கை கால்களில் தடவினார்கள். மூன்றாம் நாள்தான் மாட்டு வண்டியில் ஏற்றி நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அவர் வாழ்நாளில் முதன்முறையாக இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது அன்றுதான். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அதற்குப் பின் ஆறு ஆண்டுகள் வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். என் பெயரை அவர் வாயால் மறுபடியும் கேட்கும் பேறு எனக்குக் கிட்டவில்லை.

இதனைச் சொல்வது உங்கள் இரக்கத்தைப் பெறுவதற்காக அன்று. நம் சேரிகளில் இதைப் போன்ற ஒரு கட்டில் இல்லாத தெரு அரிது என்பதை நீங்கள் அறிவீர்கள். அன்று அவரை முதல் மணி நேரத்திலேயே கொண்டு போயிருந்தாலும், அடைப்பைக் கரைக்கும் மருந்து என்று ஒன்று பக்கவாதத்திற்கு அப்போது வழக்கில் இல்லை. இன்று அது உண்டு. ஆனால் இன்றும் நம்மவர்கள் மூன்றாம் நாள் செல்வதைக் காண்கிறேன். இந்த இடைவெளிதான் என் பேச்சின் உட்பொருள்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மூளைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் குழாய் ஒன்று அடைபட்டாலோ வெடித்துக் கசிந்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. உலகெங்கும் அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. நோயின் இடம் கை கால் அன்று, மூளையே. மூளையின் இடப்பக்கம் கெட்டால் உடலின் வலப்பக்கம் செயலிழக்கும். ஆதலால் கை கால்களில் எதைத் தடவினாலும் அது நோயின் இடத்தைச் சென்று சேராது.

மூளையின் எடை உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. தனக்கென்று சேமிப்பு எதனையும் அது வைத்துக்கொள்வதில்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பத்தைப் போன்றது மூளை. ஒரு நாள் கூலி நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்குமோ, அதுவே சில நிமிடங்களில் மூளையில் நடந்துவிடுகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்ட பக்கவாதத்தில், மருத்துவம் செய்யாவிடில், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் கூறினார் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர்.

இனி ஆக்சிஜனுக்கு வருவோம். உயிர்வளி என்று அதற்குத் தமிழில் பெயரிட்டோம். அது பொருத்தமே, ஆனால் முழு உண்மை அன்று. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும், நாட்பட்ட எண்ணெயைக் காறிப்போகச் செய்வதும், நறுக்கி வைத்த வாழைக்காயைக் கறுக்கச் செய்வதும் ஆக்சிஜனே. நம் உயிரணுக்களுக்குள் உணவை எரித்து ஆற்றல் பெறும்போது, அடுப்பிலிருந்து தீப்பொறி தெறிப்பதைப் போல, ஆக்சிஜனின் ஒரு சிறு பகுதி தவறான வழியில் எதிர்மின்னியை ஏற்றுச் சூப்பராக்சைடு என்னும் துகளாகி வெளிப்படுகிறது. இணை சேராத ஓர் எதிர்மின்னியுடன் அலையும் இத்தகைய துகள்களை வேதியியலார் தனி உறுப்புகள் என்பர். அவற்றுள் பல, தமக்குக் குறைவதை அருகில் உள்ள பொருளிடமிருந்து பறித்துக்கொள்ளும் இயல்புடையவை. பறிகொடுத்த பொருள் கெட்டுப்போகிறது; சில வேளைகளில் அதுவும் ஒரு தனி உறுப்பாகி அடுத்ததைத் தாக்குகிறது.

ஆக்சிஜனின் நச்சுத்தன்மைக்கும் கதிர்வீச்சின் தீங்கிற்கும் இத்தனி உறுப்புகளே பொதுவான காரணம் என்று 1954ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் ரெபெக்கா கெர்ஷ்மன் என்னும் அர்ஜென்டீன நாட்டுப் பெண் அறிவியலாளர். இதனை இங்குள்ள மாணவியர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டு, இர்வின் ஃப்ரிடோவிச் ஆகிய இருவரும், சூப்பராக்சைடை அழிப்பதற்கென்றே நம் உயிரணுக்களில் ஒரு நொதி இருப்பதைக் கண்டறிந்தனர். அதற்குச் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயரிட்டனர். தீப்பொறி தெறிக்கும் என்று அறிந்தே இயற்கை அடுப்பருகில் தண்ணீர்க் குடத்தையும் வைத்திருக்கிறது என்பது இதனால் விளங்கியது. கேட்டலேஸ், குளுட்டாத்தயோன் பெராக்சிடேஸ் ஆகிய நொதிகளும், குளுட்டாத்தயோன், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, யூரிக் அமிலம் ஆகியவையும் அத்தகைய காவற்பொருள்களே. பொறிகள் மிகுந்து காவல் போதாமற் போகும் நிலைக்கு ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்று பெயர். இக்கருத்திற்குத் தெளிவான வரையறை தந்தவர் ஜெர்மன் நாட்டு உயிர்வேதியியலார் ஹெல்முட் சீஸ், ஆண்டு 1985.

பக்கவாதத்தில் இந்நெருக்கடி இரு கட்டங்களாக வருகிறது. குருதி நின்றவுடன் நரம்பணு ஆற்றலின்றித் தவிக்கிறது. அதன் வாயில்கள் காவலிழந்து திறந்துகொள்ள, கால்சியம் உள்ளே பாய்கிறது. அது பல நொதிகளை முறையின்றித் தூண்டிவிடுகிறது. இது முதற்கட்டம். பின்னர் அடைப்பு நீங்கிக் குருதி மீண்டும் பாயும்போது, அதனோடு வரும் ஆக்சிஜன், சீர்குலைந்து கிடக்கும் உயிரணுக்களில் தனி உறுப்புகளைத் திடீரெனப் பெருக்குகிறது. பசியால் மயங்கியவனுக்கு ஒரே வேளையில் வயிறு முட்ட உணவளித்தால் அதுவே கேடாவதைப் போன்றது இது. எனினும் அதற்கு அஞ்சிக் குருதியை நிறுத்தி வைக்கலாகாது. குருதி திரும்பாவிடில் அப்பகுதி மடிவது உறுதி.

மூளை இத்தாக்குதலுக்கு எளிதில் இரையாவதற்குக் காரணங்கள் உண்டு. அதன் சவ்வுகளில் எளிதில் காறிப்போகும் இயல்புடைய நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. கேட்டலேஸ் போன்ற காவல் நொதிகள் கல்லீரலில் இருக்கும் அளவிற்கு மூளையில் இல்லை. இரும்புச்சத்தும் அங்கு உண்டு. கசிவினால் வரும் பக்கவாதத்திலோ, சிதைந்த குருதியணுக்களிலிருந்து மேலும் இரும்பு வெளிப்படுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் கூடினால் கடுமையான ஆக்சிஜனேற்றம் நிகழும் என்று 1894ஆம் ஆண்டிலேயே ஃபென்டன் என்னும் வேதியியலார் காட்டினார். அக்கூட்டினால் பிறக்கும் ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்பு, தொட்டதையெல்லாம் கெடுக்கும் கொடியது.

ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த காலமே வாழும் இத்துகள்களை நோயாளியின் இரத்தத்தில் நேரே பிடித்து அளத்தல் எளிதன்று. ஆகவே அவை விட்டுச் சென்ற சேதத்தை அளக்கிறோம். குடிசை எரிந்த இடத்தில் மறுநாள் சென்று சாம்பலைக் கிளறிப் பார்ப்பதைப் போன்ற வேலை இது. அச்சாம்பலுக்கே அடையாளப் பொருள்கள் என்று பெயர்.

அவற்றுள் பழமையானது மலோன்டையால்டிஹைடு. கொழுப்பு காறிப்போகும்போது உண்டாகும் பொருள் இது. இரத்த நீரைத் தயோபார்பிட்யூரிக் அமிலத்துடன் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அதன் செறிவை 532 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்தால் கணக்குக் கிடைத்துவிடும். செலவு குறைந்த முறையாதலால் நம் நாட்டுக் கல்லூரிகளில் ஆய்வேடுகள் பல இதனைக் கொண்டே எழுதப்பட்டன. ஆனால் இந்நிறம் மலோன்டையால்டிஹைடு ஒன்றினால் மட்டுமே வருவதன்று. வேறு சில பொருள்களும் அதே நிறத்தைத் தரும்.

இக்குறையைப் போக்கியது 1990ஆம் ஆண்டின் ஒரு கண்டுபிடிப்பு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மாரோ, ஜாக்சன் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுவினர், நொதிகளின் துணையின்றித் தனி உறுப்புகளின் தாக்குதலாலேயே உடலில் உண்டாகும் எஃப்2-ஐசோபுரோஸ்டேன்கள் என்னும் பொருள்களை இனங்கண்டனர். கொழுப்பின் சேதத்தைக் காட்டுவதில் இவை இன்று மிகவும் நம்பத்தக்கவையாகக் கருதப்படுகின்றன. ஆனால் இவற்றைச் செவ்வையாக அளக்க விலை மிகுந்த நிறமாலைக் கருவிகள் வேண்டும். இரத்த மாதிரியை உரிய கடுங்குளிரில் வைக்காவிடில், குப்பிக்குள்ளேயே கொழுப்பு காறி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். மரபணுப் பொருளின் சேதத்தைக் காட்டும் 8-ஹைட்ராக்சி டிஆக்சிகுவானோசின், புரதத்தின் சேதத்தைக் காட்டும் கார்பனைல் ஆகியவற்றையும் அளப்பதுண்டு. மறுபுறம், காவல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றறியச் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளுட்டாத்தயோன் முதலியவற்றை அளக்கிறோம்.

இவ்வளவும் அளந்து கண்டது என்ன? அடைப்பினால் பக்கவாதம் கண்டவர்களின் இரத்தத்தில், தொடக்க நாள்களில், கொழுப்புச் சேதத்தின் அடையாளங்கள் நலமுள்ளவர்களைவிட மிகுந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டின. எஃப்2-ஐசோபுரோஸ்டேன்கள் நோயின் தொடக்கத்திலேயே உயர்வதை 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. பக்கவாதத்தில் ஆக்சிஜனேற்ற நெருக்கடி உண்டென்பதில் ஐயமில்லை.

ஆனால் காவற்பொருள்களை அளந்தவர்கள் ஒரே விடையைச் சொல்லவில்லை. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் குறைகிறது என்று சிலர் கூறினர். கூடுகிறது என்று வேறு சிலர் கூறினர். யூரிக் அமிலம் மிகுந்திருந்தவர்கள் நன்கு தேறினர் என்று 2002ஆம் ஆண்டில் பார்சிலோனா நகரத்து மருத்துவர்கள் எழுதினர். அடுத்த ஆண்டிலேயே, மிகுந்திருந்தவர்களுக்குத் தீய விளைவே நேர்ந்தது என்று ஸ்காட்லாந்திலிருந்து வேறோர் ஆய்வு வந்தது.

இம்முரண்பாடு ஏன்? மாணவர்களே, இங்கே உங்கள் கவனத்தை வேண்டுகிறேன். முதலாவது, பல ஆய்வுகள் முப்பது, ஐம்பது நோயாளிகளை மட்டும் கொண்டவை. இரண்டாவது, ஒப்பிட எடுத்துக்கொண்டவர்கள் சமமானவர்களா என்பது. புகைப்பவரிடமும் நீரிழிவு உடையவரிடமும் இவ்வடையாளங்கள் பக்கவாதம் இல்லாமலேயே மிகுந்திருக்கும். அறுபது வயது நோயாளியை இருபத்தைந்து வயது ஊழியருடன் ஒப்பிட்டு, வேறுபாடு முழுவதும் பக்கவாதத்தால் வந்தது என்று முடிவு கட்டுதல் முறையாகாது. மூன்றாவது, காலம். நோய் வந்தபின் எடுத்த இரத்தம், நோய்க்கு முன் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாது. சாம்பலைக் கொண்டு எவ்வளவு எரிந்தது என்று ஓரளவு சொல்லலாம். தீ எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட இயலாது. ஒன்று மிகுந்திருக்கிறது என்பதாலேயே அதுதான் காரணம் என்றாகிவிடாது.

இக்கடைசிப் பாடத்தை மருத்துவ உலகம் பெரும் பொருட்செலவில் கற்றது. தனி உறுப்புகள்தாம் மூளையைக் கெடுக்கின்றன என்றால், அவற்றைப் பிடித்து அடக்கும் மருந்தைக் கொடுத்தால் நோய் தீர வேண்டுமன்றோ? இவ்வெண்ணத்தில் பல மருந்துகள் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று என்.எக்ஸ்.ஒய்-059. விலங்குகளிடம் செய்த சோதனைகளில் அது நற்பயன் அளித்தது. ஏறத்தாழ 1,700 நோயாளிகளைக் கொண்ட முதற் பெரும் ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தபோது சிறிது பயன் தெரிந்தது. உலகமே நம்பிக்கை கொண்டது. 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு மறுபடியும் சோதித்து, 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டபோது, பயன் எதுவும் இல்லை என்று தெளிவாயிற்று. யூரிக் அமிலத்தையே ஊசி வழியே செலுத்திப் பார்த்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேரும், பெறாதவர்களில் 33 பேரும் நன்கு தேறினர். 411 பேரைக் கொண்ட ஆய்வில் இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாமாதலால், அதனை உறுதியான பயனாகக் கொள்ள இயலவில்லை.

முயற்சி நின்றுவிடவில்லை. எடரவோன் என்னும் மருந்தினை ஜப்பான் நாடு 2001ஆம் ஆண்டிலேயே பக்கவாதத்திற்கு ஏற்றுக்கொண்டது. அதனுடன் வேறொரு பொருளைச் சேர்த்து ஏறத்தாழ 1,200 பேரிடம் சீனாவில் செய்த ஆய்வு, 2021ஆம் ஆண்டில் நற்பயனைத் தெரிவித்தது. வருங்காலத்தில் இக்கதவு திறக்கலாம். திறப்பவர் இங்கே அமர்ந்திருக்கும் ஒரு மாணவியாகவும் இருக்கலாம். ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அடையாளங்களை அளந்து, அதனைக் கொண்டு பக்கவாதத்திற்கு இன்ன மருத்துவம் செய்க என்று முடிவு செய்யும் வழக்கம் இன்று வரை ஏற்கப்படவில்லை.

இதனை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம், நம் வீட்டுப் பணம். பக்கவாதம் கண்டவர் வீட்டிற்குத் திரும்பியபின், "ஆன்டி ஆக்சிடன்ட்" என்று அச்சிட்ட மாத்திரைப் புட்டிகளும் சத்து மாவுகளும் அவ்வீட்டைத் தேடி வருகின்றன. தோட்டை அடகு வைத்து அவற்றை வாங்கிக் கொடுத்த பெண்மணிகளை நான் அறிவேன். பிரிட்டனில் 20,536 பேருக்கு ஐந்தாண்டுக் காலம் நாள்தோறும் வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் ஆகியவற்றையோ வெறும் மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது: பக்கவாதமும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வோ இன்னும் கசப்பான உண்மையை 1994ஆம் ஆண்டில் சொல்லிற்று: பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 18 பங்கு மிகுந்திருந்தது. வைட்டமின் ஈ பற்றிய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுரை, அது அடைப்பு வகையைச் சிறிது குறைத்தாலும் கசிவு வகையை நூற்றுக்கு 22 பங்கு கூட்டுகிறது என்று எச்சரித்தது. முருங்கைக் கீரையும் நெல்லிக்காயும் கொய்யாவும் உண்ணுங்கள். அவை உணவு, நல்லவை. மாத்திரைக்காகத் தோட்டை அடகு வைக்காதீர்கள்.

அப்படியானால் எதைச் செய்ய வேண்டும்? சாம்பலைத் துரத்தாமல் தீயைக் கவனிக்க வேண்டும். 22 நாடுகளில் நடத்தப்பெற்று 2010ஆம் ஆண்டில் வெளிவந்த பேராய்வு ஒன்று, பக்கவாத ஆபத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கினைப் பத்தே காரணிகளில் அடக்கிக் காட்டியது. அவற்றுள் தலையாயது உயர் இரத்த அழுத்தம். புகை, நீரிழிவு, உணவுமுறை, உடலுழைப்பின்மை, மிகுந்த குடி முதலியன அதனைத் தொடர்கின்றன. உயர் அழுத்தமும் நீரிழிவும் புகையும் இரத்தக் குழாய்களின் சுவரிலேயே ஆக்சிஜனேற்ற நெருக்கடியை நாள்தோறும் உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. அஃதாவது, பக்கவாதம் வருவதற்குப் பத்தாண்டு முன்பே அடுப்பு புகையத் தொடங்கிவிடுகிறது. அதனை அறிய விலையுயர்ந்த நிறமாலைக் கருவி வேண்டியதில்லை. கையில் கட்டி அளக்கும் இரத்த அழுத்தக் கருவியே போதும். அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளை அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் விலையின்றி வழங்குகின்றன. 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை இல்லங்களுக்கே கொண்டுவரப்பட்டன. வலி இல்லை என்று அவற்றை இடையில் நிறுத்துவதே நம்மவர் செய்யும் பெரும் பிழை. உயர் அழுத்தத்திற்கு வலி இராது. உப்பைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவாகவே கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் ஊறுகாயும் கஞ்சிக்குத் துணையாவது நம் வறுமையால் வந்த வழக்கம். அளவைக் குறைத்துக்கொள்ளுதல் நம் கையில் உள்ளது.

இவ்வளவும் செய்தும் நோய் வந்துவிட்டால், மூன்றைப் பாருங்கள்: முகம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா? பேச்சுக் குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108க்குத் தொலைபேசி செய்யுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கும். கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்று சி.டி. ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தபின்னரே மருந்தை முடிவு செய்ய இயலும். அடைப்பைக் கரைக்கும் மருந்து மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால் பயன் தரும் என்பது 1995ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. நாலரை மணி நேரம் வரை பயன் உண்டென்று 2008ஆம் ஆண்டில் தெரிந்தது. பெரிய குழாயின் அடைப்பைக் குழாய் வழியே சென்று அகற்றும் முறை 2015ஆம் ஆண்டில் உறுதிப்பட்டது. தக்க நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன்படும் என்று 2018ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வசதிகள் இல்லை. உங்கள் ஊருக்கு அருகில் எங்கே ஸ்கேன் உண்டு, எங்கே இம்மருந்து உண்டு என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். பொது மருத்துவமனைகளில் ஆய்விற்காக எடுக்கப்படும் இரத்தம் பெரும்பாலும் ஏழைகளின் இரத்தம். அவர்களுள் நம்மவர் பலர். என் ஆய்வுகளுக்கும் அவர்களே கொடுத்தார்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்று கேட்கவும், விருப்பமில்லையெனில் மறுக்கவும், மறுத்ததனால் மருத்துவம் குறையாமல் பெறவும் ஒவ்வொரு நோயாளிக்கும் உரிமை உண்டு. அதே வேளையில், ஆய்வை நாம் வெறுக்கலாகாது. கொடுத்த இரத்தத்தினால் கிடைத்த அறிவு, கொடுத்தவர் தெருவிற்குத் திரும்பி வர வேண்டும். அதனைக் கொண்டு வரும் கடமை படித்த பிள்ளைகளுடையது. இன்று நான் இங்கு நிற்பது, அக்கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்ப்பதற்கே.

சித்த மருத்துவராகவும், 1907ஆம் ஆண்டு தொடங்கிய இதழொன்றின் ஆசிரியராகவும் விளங்கியவர் நம் அயோத்திதாசப் பண்டிதர். நோய்க்கு மருந்து கொடுத்த அதே கையால் அறியாமைக்கும் மருந்து எழுதினார். அவர் மீட்டெடுத்துப் போற்றிய புத்தர், காலாமர் என்னும் மக்களுக்குச் சொன்ன அறிவுரையை நீங்கள் அறிவீர்கள். வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காகவோ எதனையும் ஏற்றுக்கொள்ளாமல், நன்மை தருவதா என்று தாமே ஆய்ந்தறிய வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த அளவுகோலைப் புறா இரத்தத்தின் மீதும் வையுங்கள். வெள்ளை உடுப்புடன் வரும் மாத்திரைப் புட்டியின் மீதும் வையுங்கள். என் போன்ற ஆய்வாளர்களின் கட்டுரைகள் மீதும் வையுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், யாருடன் ஒப்பிட்டீர்கள், மறுபடியும் சோதித்தீர்களா என்று கேட்கத் தெரிந்த பிள்ளையை உருவாக்குவதே கல்விக் கழகம் ஒன்றின் பெரும்பணி என்று நம்புகிறேன்.

முடிவாக, கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்பு நடக்கும் ஒவ்வோரிடத்திலும் ஓர் இரத்த அழுத்தக் கருவி இருக்க வேண்டும். மேல்நிலை வகுப்பு மாணவர் இருவருக்கேனும் அதனைச் செவ்வையாக அளக்கக் கற்றுக் கொடுக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பது வயது கடந்த ஒவ்வொருவருக்கும் அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி, உயர்ந்திருப்போரைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். முதல் ஐந்து கருவிகளுக்கான தொகையை என் தகப்பனார் பெயரால் இன்று செயலாளரிடம் ஒப்படைத்துள்ளேன். அவருக்கு நாற்பத்தெட்டாம் வயதில் முதன்முறையாக நேர்ந்தது, இத்தெருக்களில் இனி எவருக்கும் அவ்வளவு காலந்தாழ்த்தி நேரக்கூடாது.